பெரியப்பாவின் பொப் கசற்களைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். பெரியப்பாவின் பழைய கசற் பெட்டி பரணிலிருந்து கிடைத்திருக்கிறது. பெரும்பாலும் 1970களின் ஈழத்துப் பொப் பாடல்கள்: ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம். 'சுராங்கனி' எந்தக் கசற்றை எடுத்தாலும் இருக்கிறது. மனிதருக்கு அலுக்கவே இல்லை போலும்!

பல சி-90 வகை, அதாவது இரு பக்கமும் சேர்த்து 90 நிமிடம் ஓடுபவை. சி-60 நாடாவைவிட இது மெல்லியது, எளிதில் இழுபட்டுவிடும் என்பதால் ஓடவிடவே பயமாக இருக்கிறது. சிலவற்றின் நாடா ஓரத்தில் வெண்பூஞ்சை. ஒன்றில் நாடாவைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத்துண்டு கழன்றுவிட்டது. அதன் கூட்டில் திருகாணியும் இல்லை, முழுக்க ஒட்டிய வகை. உடைக்காமல் திறக்க முடியுமா?

கொழும்பில் நல்ல டெக் (கசற் ஓட்டும் கருவி) வைத்துக் கணினிக்கு மாற்றித் தருபவர் யாரையாவது தெரியுமா? மலிவான யூஎஸ்பி பிளேயர்களைப் பரிந்துரைக்க வேண்டாம். வேகம் சீராக இல்லாவிட்டால் பாட்டு தள்ளாடும். பூஞ்சையை வீட்டிலேயே துடைத்தவர்கள் எதைக் கொண்டு துடைத்தீர்கள்?

இன்னொன்று: வானொலியிலிருந்து பதிந்த சில பாடல்களில் அறிவிப்பாளரின் குரலைப் பெரியப்பா வெட்டிவிட்டிருக்கிறார். மாற்றியதும் சிறு துண்டுகளாக இங்கே பகிர்கிறேன். அக்கால இலங்கை வானொலி நேயர்கள், பாடியவர் யாரென்று அடையாளம் சொல்லுங்கள்.