பயோட்டின் ப்ரோப் போட்டாலும் போடாவிட்டாலும் ஜெல்லில் ஒரே பட்டைகள்

ஜெல்_ஓட்டி:
புற்றுச் செல்களைக் கொல்லும் ஒரு சேர்மம் கையில் இருக்கிறது, ஆனால் எந்தப் புரதத்தில் போய் உட்காருகிறது என்று தெரியவில்லை. அதிலிருந்த அமைனில் (நைட்ரஜன் தொகுதி) நீளமான லிங்கரோடு (இணைப்புச் சங்கிலி) பயோட்டினை மாட்டி ப்ரோப் (புரதத்தைத் தேடும் மூலக்கூறு) ஆக்கி, பயோட்டினை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளில் இழுத்து, ஜெல்லில் ஓட்டி, புரதங்களைக் காட்டும் சில்வர் ஸ்டெயின் செய்தால் 75, 130 கிலோடால்டன் பக்கத்தில் பளிச்சென்று பட்டைகள். சந்தோஷம் ஐந்து நிமிடம்தான், ப்ரோப் இல்லாமல் வெறும் கரைப்பான் (டிஎம்எஸ்ஓ) போட்ட லேனிலும் அதேதான். மூலச் சேர்மம் 200 நானோமோலாரிலேயே வேலை செய்கிறது, ப்ரோப் 20 மைக்ரோமோலாரிலும் ஒன்றும் செய்யவில்லை. இது முக்கியமா?

கார்பீன்:
முக்கியமாவா! அதுதான் விஷயமே. அந்தப் பட்டைகள் பெரும்பாலும் கார்பாக்சிலேஸ் நொதிகள், செல்லிலேயே இயல்பாகப் பயோட்டின் சுமப்பவை. 130 அருகில் பைருவேட் கார்பாக்சிலேஸ் வரும். நூறு மடங்கு பலவீனமான ப்ரோபை வைத்துக்கொண்டு என்ன தேடினாலும் உங்கள் டார்கெட் கிடைக்காது. பயோட்டினைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன அல்கைன் (கார்பன் மும்மைப் பிணைப்பு) மட்டும் வையுங்கள், செல்லுக்குள்ளும் எளிதாகப் போகும். செல்லை உடைத்த பிறகு அல்கைனும் அசைடும் இணையும் கிளிக் வினையில் பயோட்டின் அசைடைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சேர்மம் கோவேலன்ட்டாக (நிலையான வேதிப் பிணைப்பாக) பிணையாது என்றால் கழுவும்போதே புரதம் போய்விடும். அப்போது டயசிரின் என்ற ஒளியில் வினைபுரியும் தொகுதியும் வேண்டும், 365 நானோமீட்டர் யூவி பட்டதும் அது கார்பீனாக (மிக வேகமாக வினைபுரியும் கார்பன்) மாறி, பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். இதே வேலைக்குப் பென்சோபீனோனும் உண்டு, ஆனால் குண்டு, சின்ன மூலக்கூறில் மாட்டினால் பிணைப்பையே கெடுத்துவிடலாம்.

மணி_கழுவி:
போட்டிச் சோதனையை விட்டுவிடாதீர்கள். மூலச் சேர்மத்தைப் பத்து மடங்கு முதலில் கொடுத்து, அப்புறம் ப்ரோப் போட்டால் எந்தப் பட்டை மங்குகிறதோ அதைப் பாருங்கள், பளிச்சென்று இருப்பதை அல்ல. அல்கைல் டயசிரினில் விடேக் (VDAC, மைட்டோகாண்ட்ரியாவின் கால்வாய்ப் புரதம்) மாதிரி சவ்வுப் புரதங்கள், டார்கெட்டாக இல்லாமலே, அடிக்கடி தலைகாட்டும், அதை நம்பி ஒரு வருடம் போனது எனக்கு.

பழையபடி:
மாஸ் ஸ்பெக்கில் (நிறை அளந்து புரதத்தை அடையாளம் காணும் கருவி) பெயர் வந்துவிட்டால் மட்டும் போதாது. கருவில் கை கால் குறைபாடு உண்டாக்கும் தாலிடோமைடு மருந்து செரிப்ளான் என்ற புரதத்தில் பிணைகிறது என்று 2010-இல் காட்டியவர்களும் மணிகளில் இழுத்துத்தான் பிடித்தார்கள், ஆனால் மருந்து பிணைய முடியாத செரிப்ளானை வரிக்குதிரை மீனில் வெளிப்படுத்தியதும் துடுப்புக் குறைபாடு தணிந்ததே, அதுதான் ஆளை நம்பவைத்தது.

ஜெல்_ஓட்டி:
பழைய நோட்டைப் புரட்டினேன். பயோட்டினை மாட்டிய அதே அமைனைப் பற்றி, "மீத்தைல் சேர்த்தாலே செயல் போய்விடுகிறது" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. சரி, வளையத்தின் மறுபக்கத்தில் அல்கைனை வைத்துப் பார்க்கிறேன்.