வாரண்டிக்குள் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, "சூட்டோடு ஓட்டியது நீங்கள்" என்று டீலர் கைவிரிக்கிறார். என்ன செய்யலாம்?

நீலப்பறவை:

வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஐந்து வருடம் ஓடிய பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்ட் டீலரிடம் வாங்கினேன். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆறு மாத வாரண்டி என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார். ஏழாவது வாரம் டெம்பரேச்சர் முள் வழக்கத்தைவிட மேலே ஏறியது, பானெட்டைத் திறந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பாவில் பாதிதான் இருந்தது. அன்றே கொண்டுபோய் விட்டேன். தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) மாற்றி, கூலன்ட் ஊற்றி, இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை, நல்ல ஆட்கள் என்றுதான் நினைத்தேன்.

சரியாகப் பதினாறு நாள் கழித்து, நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. நடு ரோட்டில் நிறுத்த முடியாத இடம். ஓரம் கிடைக்கும் வரை மெதுவாக உருட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு டோ வண்டியைக் கூப்பிட்டேன். அந்த நேரம் பக்கத்தில் இருந்த ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கட் மாதிரி தெரியுது, எதையும் தொடாதீங்க, வாங்கின இடத்துக்கே கொண்டுபோங்க" என்றார். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அதன் கீழே இருக்கும் பாகத்துக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். அவர் எதையும் கழற்றவில்லை.

இப்போது டீலர் சொல்வது மூன்று. ஒன்று, சூடு ஏறியபிறகும் ஓட்டியதால்தான் கேஸ்கட் போனது, அது கவனக்குறைவு, வாரண்டியில் வராது. இரண்டு, வெளி மெக்கானிக் பார்த்துவிட்டதால் வாரண்டியே செல்லாது. மூன்று, ஹெட்டைக் கழற்றிப் பார்க்கவே நான் பணம் கட்ட வேண்டும், பிறகு கிளெய்ம் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் அது திரும்ப வராது. இதெல்லாம் போனில் சொன்னது. கார் அங்கேயே நின்று மூன்று வாரம் ஆகிறது, கடன் தவணை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது. தினமும் இதே யோசனை, தூக்கம் போய்விட்டது. பணம் கட்டிப் பிரிக்கச் சொல்லிவிடலாமா, இல்லை வேறு வழி இருக்கிறதா?

ஸ்பேனர்_பதினேழு:

பிரிக்கச் சொல்லாதீர்கள். இப்போதைக்கு இது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்டைக் கழற்றிவிட்டால் சாட்சியில் பாதி போய்விடும், அதுவும் கழற்றுகிறவர் எதிர்த்தரப்பு ஆள்.

இருபது வருடமாக இன்ஜின் வேலை பார்க்கிறேன். நீங்கள் சொன்னதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது சிவப்பு விளக்கு இல்லை, ஏழாவது வாரம் கூலன்ட் பாதியாகக் குறைந்திருந்தது. தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டால் இன்ஜின் சூடாகும், அது உண்மை. ஆனால் கொதித்து மூடி வழியாக வெளியே தள்ளாத வரை கூலன்ட் எங்கேயும் போகாது. கூலன்டும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் திறந்த பாத்திரத்திலேயே 107 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் கொதிக்கும், மூடியின் அழுத்தத்தில் அதற்கும் மேலே போகும். முள் "வழக்கத்தைவிட மேலே" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், கொதித்து வழிந்ததாகச் சொல்லவில்லை. அப்படியானால் அந்தப் பாதி டப்பா கூலன்ட் எங்கே போனது? வெளியே ஒழுகியிருந்தால் கறை இருந்திருக்கும். இல்லையென்றால் உள்ளே போயிருக்கிறது. அதை அன்றைக்கே பார்க்காமல் தெர்மோஸ்டாட்டோடு நிறுத்தியது அவர்கள் வேலையில் இருக்கும் குறை.

ஹெட்டைக் கழற்றாமலே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பு வைத்து அழுத்தம் கொடுத்து விட்டுவிட வேண்டும். வெளியே ஒரு சொட்டுகூட இல்லாமல் பம்பின் அழுத்த முள் இறங்கினால் கசிவு உள்ளே. அடுத்தது நீலத் திரவ சோதனை. கூலன்டுக்கு மேலே நிற்கும் காற்றை அந்தத் திரவம் வழியாக இழுப்பார்கள், எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். பிறகு லீக் டவுன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டனை மேலே கொண்டுவந்து காற்று அடித்தால், கேஸ்கட் விட்டிருக்கும் சிலிண்டரானால் ரேடியேட்டரில் குமிழ் வரும். மூன்றும் சேர்ந்து அரை நாள் வேலைகூட இல்லை. ஆயில் மூடியில் வெள்ளையாகப் பால் மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரத்தாலும் அது வரும்.

இன்னொரு விஷயம். கூலன்ட் டப்பாவின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்புத் தூளோ, செம்பு நிறத்தில் மினுமினுப்போ, கெட்டியான படிவோ இருந்தால் உடனே போட்டோ எடுங்கள். கசிவை அடைக்கிற மருந்து என்று ரேடியேட்டரில் ஊற்றுவார்கள், அதில் சில வகை இப்படித்தான் படியும். நீங்கள் ஊற்றவில்லை என்றால் வேறு யாரோ ஊற்றியிருக்கிறார்கள்.

மழைக்காலம்:

நான் டீலருக்காகப் பேசவில்லை, ஆனால் ஒரு கேள்வி. சிவப்பு விளக்கு எரிந்தபிறகு உண்மையில் எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்? முன்னூறு மீட்டரா, பத்து கிலோமீட்டரா? இதை நீங்கள் முதலிலேயே நேர்மையாகச் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் சிவப்பு விளக்கு எரிந்தும் பத்து கிலோமீட்டர் ஓட்டினால் நல்ல இன்ஜினும் ஹெட் வளைந்துதான் போகும், அப்போது அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் தம்பி இதே மாதிரி ஒரு தகராறில் தூரத்தைக் குறைத்துச் சொன்னான், டோ ரசீதில் வண்டி நின்ற இடம் எழுதியிருந்ததால் மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் சொன்ன மற்ற உண்மைகளையும் யாரும் நம்பவில்லை.

நீலப்பறவை:

நியாயமான கேள்வி. விளக்கு எரிந்த இடத்திலிருந்து நிறுத்திய இடம் வரை மேப்பில் அளந்து பார்த்தேன், 600 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். டோ ரசீதிலும் அதே இடம்தான் இருக்கிறது. நெரிசல் என்பதால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஸ்பேனர் அண்ணா, நாளை போய் டப்பாவைப் பார்க்கிறேன்.

ஸ்பேனர்_பதினேழு:

ஐந்து நிமிடம் என்பது சும்மா இல்லை, அதனாலும் கொஞ்சம் சேதம் கூடியிருக்கலாம். ஆனால் நோய் அதற்கு முன்பே இருந்தது என்பதுதான் உங்கள் வாதம். போகும்போது சொந்தமாக ஒரு ஸ்கேனர் (காரின் கணினியில் பதிந்த பிழைகளைப் படிக்கும் கருவி) எடுத்துப் போங்கள், கையடக்கமானது போதும். பி0217 மாதிரி அதிக வெப்பத்தைச் சொல்லும் பிழைக் குறியீடு பதிந்திருந்தால் கூடவே ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பதிவும் இருக்கும், அந்த நொடியில் கூலன்ட் எத்தனை டிகிரி, வேகம் எவ்வளவு, ஆர்.பி.எம். எவ்வளவு என்று. அதைப் படம் எடுங்கள். "குறியீட்டை அழித்தபிறகு ஓடிய தூரம்" என்றும் ஒரு எண் வரும், அதையும் எடுங்கள். அவர்கள் ஸ்கேனரில் அழித்துவிட்டால் ஃப்ரீஸ் ஃபிரேமும் போய்விடும், தூரமும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அழித்திருந்தால் அதுவும் ஒரு செய்திதான், மூன்று வாரமாக நிற்கிற வண்டியில் அதை யார் அழித்தது என்று கேட்கலாம்.

கணக்கர்_வீடு:

நான் முன்பு ஒரு வாரண்டி கம்பெனியில் கிளெய்ம் பிரிவில் இருந்தேன், அதனால் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் பத்திரத்தை எடுத்து, வாரண்டி கொடுத்தது யார் என்று பாருங்கள். டீலரே கொடுத்ததா, வேறு கம்பெனியின் பத்திரத்தை அவர் விற்றாரா? வேறு கம்பெனி என்றால் நீங்கள் இத்தனை நாள் தவறான ஆளிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அவர்களுக்கு நேரடியாக கிளெய்ம் போட வேண்டும், அவர்கள் அனுமதி எண் கொடுக்கும் முன் யாரும் வேலை தொடங்கக் கூடாது.

அடுத்து, போனில் மறுத்ததை மறுப்பு என்றே எடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் எழுத்தில் மறுக்கும்போது எந்தப் பிரிவின் கீழ், என்ன சோதனையை வைத்து என்று எழுதியாக வேண்டியிருந்தது, பல கிளெய்ம்கள் அந்த இடத்தில்தான் மாறின, ஏனென்றால் எழுத உட்கார்ந்தால் சோதனையே செய்யவில்லை என்பது தெரியும். "ஓட்டியதால் போனது" என்பது ஒரு காரணம், அதைச் சொல்பவர்தான் காட்ட வேண்டும். உங்கள் பத்திரத்தில் "வெளி ஆள் பழுது பார்த்தால்" செல்லாது என்று இருக்கும், "வெளி ஆள் பார்த்தால்" என்று இருக்காது. அந்த வரியைப் படித்துப் பாருங்கள்.

இன்றிரவே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கோபமே வேண்டாம். இந்த மாதிரி:

"இத்தனாம் தேதி கூலன்ட் குறைவு, அதிக வெப்பம் என்று வாரண்டிக்குள் புகார் கொடுத்தேன். நீங்கள் தெர்மோஸ்டாட் மாற்றினீர்கள். 16 நாளில் அதே குறை திரும்ப வந்தது. கிளெய்மை மறுப்பதாக நேற்று போனில் சொன்னீர்கள். எந்தப் பிரிவின் கீழ், எந்தச் சோதனை முடிவை வைத்து என்று எழுத்தில் தாருங்கள். இரு தரப்புக்கும் பொதுவான ஆள் பார்க்கும் வரை இன்ஜினைப் பிரிக்க நான் சம்மதிக்கவில்லை. முதல் வேலையின் ஜாப் கார்டு நகலும் வேண்டும். பதினான்கு நாள் அவகாசம்."

அந்த ஜாப் கார்டுதான், அதாவது புகாரையும் செய்த வேலையையும் அவர்கள் எழுதிவைத்த தாள்தான், உங்களிடம் இருக்கும் பெரிய ஆயுதம். குறை வாரண்டிக்குள், சிவப்பு விளக்குக்கு முன்பே, அவர்கள் கையெழுத்திலேயே பதிவாகியிருக்கிறது. அவர் "நீங்கள் ஓட்டியதால்" என்று எத்தனை முறை சொன்னாலும் அந்தத் தேதியை மாற்ற முடியாது.

தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்தவருக்கும் இந்தத் தகராறுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்பது இடத்துக்கு இடம் மாறும், கட்டாமல் விட்டால் பாதிக்கப்படுவது நீங்கள்.

மழைக்காலம்:

இதோடு உங்கள் ஊர்ச் சட்டத்தையும் பாருங்கள், எழுத்தில் கொடுத்த வாரண்டிக்கு மேலே சட்டமே சில உரிமை கொடுக்கும். பிரிட்டனில் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி முதல் ஆறு மாதத்தில் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்ததாக எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர். ஒருமுறை சரிசெய்தும் சரியாகவில்லை என்றால் காரைத் திருப்பிக் கொடுக்கவோ விலையைக் குறைக்கவோ கேட்கலாம். சிங்கப்பூரிலும் 2012 முதல் இதே ஆறு மாதக் கணக்கு, செகண்ட் ஹேண்ட் காருக்கும் உண்டு. இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம். ஆனால் அங்கே போவது கடைசிப் படி, முதலில் கணக்கர் சொன்ன மின்னஞ்சல்.

நீலப்பறவை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

மின்னஞ்சல் அனுப்பிய இரண்டாம் நாளே தொனி மாறியது. பத்திரத்தைப் படித்தேன், வாரண்டி டீலருடையதேதான், கணக்கர் சொன்னபடியே "பழுது பார்த்தால்" என்றுதான் இருந்தது. ஜாப் கார்டு நகல் கொடுக்க முதலில் இழுத்தார்கள், நேரில் போய் நின்று வாங்கிவிட்டேன். அதில் அவர்கள் கையாலேயே "கூலன்ட் குறைவு, வெளிக்கசிவு இல்லை" என்று எழுதியிருக்கிறது! அதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது, இத்தனை நாள் தப்பு என்னுடையதோ என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

டப்பாவின் அடியில் பழுப்புப் படிவு இருந்தது, போட்டோ எடுத்தேன். ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை, அழித்தபின் ஓடிய தூரம் 0 என்று காட்டியது. அதையும் எடுத்து வைத்தேன்.

பொதுவான ஒரு ஒர்க்ஷாப்பில் சோதனை நடந்தது, டீலரின் ஆளும் கூட இருந்தார். நீலம் மஞ்சளானது, மூன்றாவது சிலிண்டரில் காற்று அடித்தபோது குமிழ் வந்தது. டப்பாப் படிவைப் பார்த்து, இது அடைப்பு மருந்து என்று அந்த ஒர்க்ஷாப்காரரே எழுதிக் கொடுத்தார்.

இப்போது டீலர், உதிரிபாகம் அவர், கூலி நான், கையெழுத்துப் போடு, இத்தோடு முடிந்தது என்கிறார். அலுத்துப் போய்விட்டது, ஒப்புக்கொள்ளலாமா?

ஸ்பேனர்_பதினேழு:

வேண்டாம். இந்த வேலையில் கேஸ்கட் மலிவு, கூலிதான் பெரும் செலவு. அவர் சின்னதை எடுத்துக்கொண்டு பெரியதை உங்கள் தலையில் வைக்கிறார்.

கணக்கர்_வீடு:

"இத்தோடு முடிந்தது" என்ற தாளில் கையெழுத்துப் போட்டால் நாளை ஹெட் வளைந்திருப்பது தெரிந்தாலும் கேட்க முடியாது. பதில் கோரிக்கை வையுங்கள். கழற்றும் கூலி, கேஸ்கட், ஹெட்டை மட்டம் பார்த்து ஃபேஸிங் போடுவது (வளைவு போகச் சீவி மட்டமாக்குவது) எல்லாம் அவர். ஆயில், கூலன்ட் மாதிரி எப்படியும் மாற்ற வேண்டியது நீங்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது அவ்வளவு போதும். செய்த வேலைக்குத் தனி வாரண்டி, வண்டி கைக்கு வரும் நாளிலிருந்து.

ஸ்பேனர்_பதினேழு:

கூடவே இதையும் எழுதச் சொல்லுங்கள்: ஹெட் போல்ட் புதிது. பல இன்ஜின்களில் அது முறுக்கும்போதே இழுபடும் வகை, பழையதையே திரும்பப் போட்டால் கேஸ்கட் மறுபடி விடும். மட்டம் பார்த்த அளவையும் மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான இன்ஜின்களுக்கு 0.05 முதல் 0.1 வரைதான் அனுமதி. கழற்றிய பழைய கேஸ்கட்டைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். ரேடியேட்டரையும் ஹீட்டரையும் கழுவாமல் விட்டால் அந்த அடைப்பு மருந்து புது வேலையையும் கெடுக்கும், அதுவும் தாளில் இருக்கட்டும்.

நீலப்பறவை:

கடைசித் தகவல். நான்கு நாள் இழுபறிக்குப் பிறகு அப்படியே ஒப்புக்கொண்டார். நுகர்வோர் ஆணையத்துக்குக் கொடுக்க வைத்திருந்த தாள்கட்டை மேசையில் வைத்தேன், புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். ஆயிலும் கூலன்டும் மட்டும் நான். ஹெட் 0.12 வளைந்திருந்தது, ஃபேஸிங் போட்டார்கள், போல்ட் புதிது, வேலைக்கு ஒரு வருட வாரண்டி எழுத்தில். வண்டி நேற்று வந்தது. பழைய கேஸ்கட் ஒரு பையில் கட்டி அலமாரியில் இருக்கிறது, மூன்றாவது சிலிண்டருக்கும் நீர்வழிக்கும் நடுவில் கறுத்துப்போன கோடு கண்ணுக்கே தெரிகிறது.

இன்று காலை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டப்பாவில் மார்க்கரால் கோடு போட்டேன். ஒரு மாதம் தினமும் பார்க்கப் போகிறேன். ஸ்பேனர் அண்ணா, கணக்கர், மழைக்காலம், மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி.

ஸ்பேனர்_பதினேழு:

முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் உள்ளே இருக்கும் காற்று வெளியேறுவதால் கொஞ்சம் இறங்கும், பயப்படாதீர்கள். அதற்கப்புறமும் இறங்கினால் அன்றே மின்னஞ்சல்.