ஒரே கூட்டம், இரண்டு செய்திகள்: எதை நம்புவது?

கேள்வி: ஒரே பொதுக்கூட்டத்தை ஒரு நாளிதழ் மக்கள் வெள்ளம் என்றும், மற்றொன்று காலி நாற்காலிகள் என்றும் எழுதினால் வாசகர் எதை நம்புவது?

மறுமொழி: பத்திரிகை யாருடையது என்று முதலில் பாருங்கள், ஐயா. முரசொலி தி.மு.க.வின் நாளேடு, தீக்கதிர் மார்க்சிஸ்ட் கட்சியின் நாளேடு என்பது வெளிப்படை. நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் ஏடுகளைவிட, சார்பை மறைக்காத இவற்றை எடைபோடுவது எனக்கு எளிதாகவே இருக்கிறது.

மற்றொருவர் மறுமொழி: உரிமையாளரை அறிவது மட்டும் போதாது. 2009 தேர்தல்களின்போது வேட்பாளர்களிடம் பணம் பெற்று, விளம்பரத்தையே செய்தியாக அச்சிட்டதை ஆராய்ந்த, பத்திரிகைகளின் நெறிமுறைகளைக் கவனிக்கும் அமைப்பான பிரஸ் கவுன்சிலின் துணைக்குழு, நாளிதழ்களின் பெயர்களையே குறிப்பிட்டது. கவுன்சிலோ 2010இல் சுருக்கத்தை வெளியிட்டு, மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பின்னரே, 2011இல், முழு அறிக்கையை வெளியிட்டது.

கேட்டவர்: அப்படியானால், ‘தகவலறிந்த வட்டாரங்களை’ மட்டுமே நம்பி எழுதப்பட்ட செய்திகளை இரண்டு நாள் ஒத்திவைத்துப் படிக்கிறேன்.