பீகிள்போன் பிளாக்: புது யூ-பூட் எழுதியதிலிருந்து போர்டு எழும்பவில்லை

பொரிப்பகம்:
வணக்கம். நாமக்கல் பக்கம் ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகத்துக்கு வெப்பமும் ஈரப்பதமும் பதிவு செய்கிற பெட்டி ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். உள்ளே பீகிள்போன் பிளாக் என்ற சின்னக் கணினி போர்டு, 4 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே பதித்த சேமிப்புச் சிப்) உள்ள ரெவ் சி மாடல். நன்றாகத்தான் ஓடியது, ஒரே ஒரு தொல்லை தவிர. கரண்ட் போய் வரும்போது சில தடவை லினக்ஸுக்குப் போகாமல் யூ-பூட் (லினக்ஸை ஏற்றிவிடும் தொடக்க நிரல்) கட்டளை வரியிலேயே நின்றுவிடும். லேப்டாப்போடு பேசும் ஜே1 சீரியல் ஊசிகளில் எதுவும் மாட்டாதபோது ஆர்எக்ஸ் (தகவல் வாங்கும்) கம்பி பிடிக்கிற இரைச்சலை, யாரோ விசையைத் தட்டிவிட்டதாக அது எடுத்துக்கொள்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் பண்ணைக்காரர் போன் போட்டு, "தம்பி, உங்க பெட்டி மறுபடி தூங்கிடுச்சு" என்பார்.

சரி என்று யூ-பூட்டை நானே பில்டு செய்து, பூட்டிலே என்ற காத்திருப்பு அமைப்பை மைனஸ் 2 என்று வைத்தேன். அப்படி வைத்தால் விசை தட்டுகிறார்களா என்று அது பார்க்கவே பார்க்காது. பழைய நோட்டில் எழுதி வைத்திருந்தபடி, ஓடிக்கொண்டிருந்த லினக்ஸிலிருந்தே டிடி (கோப்பை அப்படியே சேமிப்பில் எழுதும் கட்டளை) அடித்தேன். எம்எல்ஓவுக்கு (முதலில் ஓடும் சின்னத் துண்டு, எஸ்பிஎல் இதற்குள்தான் இருக்கிறது) பிஎஸ் (ஒரு கட்டின் அளவு) 128கே, சீக் (தொடக்கத்தில் தாண்டும் கட்டுகள்) 1, கவுன்ட் (எழுதும் கட்டுகள்) 1. யூ-பூட் இமேஜுக்கு பிஎஸ் 384கே, சீக் 1, கவுன்ட் 2. பிழை என்று எதுவும் காட்டவில்லை.

இப்போது சீரியலில் "யூ-பூட் எஸ்பிஎல்" வரியும், "டிரையிங் டு பூட் ஃப்ரம் எம்எம்சி2" வரியும் வருகின்றன. அதோடு சரி. நான்கு நீல விளக்குகளும் இருட்டு. எஸ்டி கார்டிலிருந்து ஏற்றச் சொல்லும் எஸ்2 பட்டனைப் பிடித்துக்கொண்டு ரீசெட் அழுத்தினேன், அதே இரண்டு வரி. 5 வோல்ட் ஜாக்கைப் பிடுங்கி, எஸ்2-ஐ அழுத்திக்கொண்டே மாட்டினேன், அதே. எஸ்டி கார்டை எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறது. இஎம்எம்சி போய்விட்டதா?

சாலிடர்புகை:
எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது. இஎம்எம்சி தேய்ந்திருக்கும். வேறு போர்டு வாங்கிவிடுங்கள், நேரம் மிச்சம்.

ஹெக்ஸ்டம்ப்:
அவசரப்பட்டு யாரும் போர்டு வாங்க வேண்டாம். அந்த எஸ்பிஎல் வரியே இஎம்எம்சியிலிருந்து படித்ததுதான். எம்எம்சி2 என்றால் இஎம்எம்சி. (சிப்பின் கையேட்டில் அதன் பெயர் எம்எம்சி1, எஸ்பிஎல் ஒன்றிலிருந்து எண்ணுவதால் எம்எம்சி2. இந்தப் பெயர்க்குழப்பத்தில் எஸ்டி கார்டை அழித்தவர்களில் நானும் ஒருவன்.)

சிப்புக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் தொடக்க நிரலான ரோம் முதலில் எம்எல்ஓவைத்தான் தேடும். முக்கிய நினைவகமான டிடிஆர் அப்போது தயாராகியிருக்காது, அதனால் எம்எல்ஓ 109 கேபிக்குள் அடங்கியாக வேண்டும். உங்கள் கவுன்ட் 1 அதற்குப் போதும். டிடிஆரை எழுப்பிவிட்டு 384 கேபி இடத்திலிருந்து முழு யூ-பூட்டை எடுப்பது எஸ்பிஎல் வேலை. நீங்கள் மாட்டியிருப்பது அங்கேதான். 384 கேபி, கவுன்ட் 2 என்றால் மொத்தம் 768 கேபிதான் எழுதும். உங்கள் யூ-பூட் இமேஜ் எத்தனை பைட்?

இன்னொன்று. எஸ்2 நிலையை சிப் கவனிப்பது மின்சாரம் புதிதாக ஏறும்போது மட்டும். ரீசெட் பட்டனுக்கு அது அசையாது. ஜாக்கைப் பிடுங்கினீர்கள், மினி யூஎஸ்பி கேபிளையும் பிடுங்கினீர்களா?

பொரிப்பகம்:
அண்ணா, தலையில் அடித்துக்கொண்டேன். யூஎஸ்பி கேபிள் லேப்டாப்பில் மாட்டியபடியே இருந்தது. ஜாக்கைப் பிடுங்கியபோது பவர் விளக்கு அணையவே இல்லை, நான்தான் பார்க்கவில்லை.

இமேஜ் 12,41,608 பைட். நோட்டில் இருந்த கட்டளை ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. அன்றைய இமேஜ் 400 கேபிகூட இருக்காது.

ஹெக்ஸ்டம்ப்:
அதேதான். 7,86,432 பைட்டோடு டிடி நிறுத்திவிட்டது. அதற்கு மேல், அந்த இடத்தில் முன்பு எது கிடந்ததோ அதுவே கிடக்கிறது. தலை புதுசு, வால் பழசு. டிடி இதற்கெல்லாம் வாய் திறக்காது, நீங்கள் கேட்ட அளவை எழுதிவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டு கேபிளையும் கழற்றி எஸ்டியில் ஏற்றுங்கள். எஸ்2 பிடிபட்டதா என்று சந்தேகம் இருந்தால், கார்டு இல்லாமல் அழுத்திப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் சீரியலில் 'சி' எழுத்து வரிசையாக வர ஆரம்பித்தால் பிடிபட்டுவிட்டது.

எழுதும் முன் எஃப்டிஸ்க் கட்டளையில் முதல் பார்ட்டிஷன் எந்த செக்டாரில் (512 பைட் கட்டு) தொடங்குகிறது என்று பாருங்கள். 8192 என்றால் 4 எம்பி, இடம் தாராளம். 2048 என்றால் 1 எம்பி, உங்கள் இமேஜ் அதற்குள் புகுந்து ஃபைல் சிஸ்டத்தை நாசம் செய்துவிடும். பார்த்த கையோடு முதல் 4 எம்பியை ஒரு கோப்பாக எடுத்து வையுங்கள். அப்புறம் கவுன்ட்டே போடாமல் எழுதுங்கள், கோப்பு முடிந்ததும் டிடி தானாக நிற்கும். கடைசியில் சிங்க் கட்டளை, எழுதாமல் தங்கியிருப்பதையும் எழுதி முடிக்க.

மில்லிவோல்ட்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எஸ்டி கார்டே கையில் இல்லாதவர்களுக்கு: அந்த 'சி' வரும்போது எக்ஸ்மோடத்தில் (சீரியல் வழியே கோப்பு அனுப்பும் முறை) யூ-பூட்-எஸ்பிஎல் பின் கோப்பை அனுப்பலாம், அடுத்து ஒய்மோடத்தில் யூ-பூட் இமேஜ். எம்எல்ஓவை அனுப்பாதீர்கள். அதன் தலையில் ஒட்டியிருக்கும் ஹெடர் சீரியல் வழிக்கு ஆகாது. இதில் நான் ஒரு சாயங்காலத்தைத் தொலைத்திருக்கிறேன்.

பொரிப்பகம், மைனஸ் 2 வைத்தால் நாளைக்கு உங்களாலும் விசை தட்டி யூ-பூட்டுக்குள் போக முடியாது. பெட்டிக்குள்ளேயே ஒரு எஸ்டி கார்டை டேப் போட்டு ஒட்டி வைத்துவிடுங்கள்.

பொரிப்பகம்:
எழும்பிவிட்டது! இரண்டு கேபிளையும் கழற்றி, பவர் விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு எஸ்2 அழுத்தினேன், எஸ்டியில் ஏறியது. பார்ட்டிஷன் 8192-இல்தான் தொடங்குகிறது. கவுன்ட் இல்லாமல் எழுதினேன். ஜே1-இல் எதையும் மாட்டாமல் இருபது தடவை கரண்டை நிறுத்திப் போட்டேன், இருபது தடவையும் லினக்ஸ் வந்தது. நோட்டில் கவுன்ட் 2-ஐ அடித்துவிட்டேன். கார்டும் டேப்பும் பெட்டிக்குள் போய்விட்டன. நாளைக்குக் காலை பண்ணைக்குக் கொண்டுபோகிறேன்.