புதுப்பிப்பு: பஸ்ஸில் மகனுக்கு நடந்த தொல்லை

ஏழாவது படிக்கும் என் மகனைத் தக்கலை பஸ்ஸில் மூன்று பெரிய பையன்கள் பட்டப்பெயர் சொல்லிச் சீண்டி, சாப்பாட்டுப் பையைப் பிடுங்குகிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். என்ன ஆச்சு என்று பலர் கேட்டீர்கள்.

முதலில் வகுப்பாசிரியரிடம் வாயால்தான் சொன்னேன். "பிள்ளைகள் விளையாட்டு" என்று சிரித்துவிட்டார். எழுதிக் கொடுக்காதது என் தப்பு. அப்புறம் 14417-க்கு, அதாவது பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண்ணுக்கு, அழைத்தேன். தேதி, நேரம், பார்த்தவர்கள் யார் என்று எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். காகிதம் கைக்குப் போனதும் பேச்சே மாறிவிட்டது!

மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். என் மகனை எதிரில் நிறுத்தவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு பையனின் அம்மா ஏத்தங்காய் சிப்ஸோடு வீட்டுக்கு வந்து, "மக்களே, மன்னிச்சிரு" என்றார். இவன் சிப்ஸை வாங்கிக்கொண்டான், பதில் சொல்லவில்லை. சொல்லு என்று நானும் நெருக்கவில்லை.

இன்னும் கண்டக்டர் பக்கத்தில்தான் உட்காருகிறான். ஆனால் டிபன் டப்பா காலியாகத் திரும்புகிறது.

1098 பற்றிக் கேட்டவருக்கு: அது குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும் உண்டு. பிள்ளையே அழைக்கலாம்.