பீடி சுற்றும் பெண்கள் முறையீடு: ஐ.நா.வில் எந்த வாசலைத் தட்டணும்?

பொதிகைச்சாரல்:
பீடிக் கூலி குறையுறதை ஐ.நா.வில் முறையிட, முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பீடிப் பெண்கள் சங்கங்கள் கூடி, ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தில் ஆலோசனைத் தகுதி கேட்கணும்னு சொல்லுதேன். ஐ.நா. சாசனம் 71ஆவது பிரிவே இதுக்கு இடம் கொடுக்கு. அந்த மன்றத்தோட 1996/31 தீர்மானப்படி தேசிய அமைப்பும் கேட்கலாம். அமைப்பு தொடங்கி 2 வருஷம் ஆகியிருக்கணும். விதிமுறை நகல், வரவு செலவுக் கணக்கோட ஜூன் 1க்குள்ள போடணும். கிடைச்சா மனித உரிமை மன்றத்தில் நம்ம ஆளே பேசலாம்.

மருதநிழல்:
அண்ணாச்சி, அந்த விண்ணப்பம் 19 நாடுகள் இருக்கிற குழுவுக்குப் போகும். ஒரு நாடு கேள்வி கேட்டாலே அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிருவாங்க. சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு அமைப்பை இந்தியா கேள்வி கேட்டுக் கேட்டே 2008லிருந்து இழுத்தடிச்சுது. 2022 டிசம்பரில்தான் தகுதி கிடைச்சுது. அப்படிக் கிடைச்சாலும், ஒரு நாட்டோட மனித உரிமை ஆய்வு முடிவை மனித உரிமை மன்றம் ஏற்கும்போது தொண்டு அமைப்புகளுக்கெல்லாம் சேர்த்தே 20 நிமிஷம். அதே ஆய்வுக்கு எழுத்தில் அனுப்பத் தகுதியே வேண்டாம்: தனியா 2,815 சொல், கூட்டா 5,630 சொல்.

சுளகுமடி:
புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை மாநாட்டை விட்டுட்டீங்களே? மாற்றுத் தொழில் பற்றி 17ஆவது பிரிவு பேசுதே.

மருதநிழல்:
அக்கா, அங்க பார்வையாளராச் சேர சர்வதேச, இல்ல வட்டார அமைப்பா இருக்கணும். 2016இல் கிரேட்டர் நொய்டாவில் நடந்தப்பவும் விதி இதேதான். புகையிலைக் கம்பெனிப் பணம் தொட்ட சங்கம்னா 5.3ஆவது பிரிவே தடுத்திரும்.
நான் சொல்லுதது ஐ.எல்.ஓ., அதாவது சர்வதேசத் தொழிலாளர் அமைப்போட வாசல்.

பொதிகைச்சாரல்:
அங்க மாநாட்டில் ஒரு நாட்டுக்குத் தொழிலாளர் தரப்பில் ஒரே ஓட்டு. அந்த ஆளைப் பெரிய சங்கங்களைக் கலந்து அரசுதான் அனுப்பும். வீட்டில் உட்கார்ந்து சுத்துற பொம்பளைய யாரு நினைப்பா? சுயதொழில் பெண்கள் சங்கமான செவா பாடுபட்டு 1996இல் வீட்டிலிருந்து தொழில் செய்யுறவங்களுக்கான 177ஆம் உடன்படிக்கை வந்துது. இந்தியா இன்னும் ஏற்கலை.

மருதநிழல்:
177 எதுக்கு? 1928ஆம் வருஷத்து 26ஆம் உடன்படிக்கையை இந்தியா 1955லேயே ஏற்றாச்சு. குறைந்தபட்சக் கூலி பற்றியது. அதில் வீட்டிலிருந்து செய்யும் தொழில்னு பேர் சொல்லியே இருக்கு. கூலி குறையாமக் கண்காணிக்கணும், மீறினாத் தண்டிக்கணும்னு 4ஆவது பிரிவு சொல்லுது. இதுக்கு மாநாட்டு நாற்காலியே வேண்டாம். பதிவான தொழிற்சங்கம் செப்டம்பர் 1க்குள்ள நேரடியா ஜெனீவாவுக்குக் கருத்து அனுப்பலாம், நகல் அரசுக்கு. சொசைட்டியாப் பதிஞ்ச அமைப்பு அனுப்பினா எடுக்க மாட்டாங்க, சறுக்குறது இங்கதான். கண்ணீர்க் கதை எழுதாதீங்க. 1000 பீடிக்கு அரசாணைக் கூலி எவ்வளவு, பீடிக் கணக்கு எழுதுற பாஸ்புத்தகத்தில் ஏறினது எவ்வளவு, கொடுத்த இலை பத்தாமக் கைக்காசுக்கு வாங்கின இலை எவ்வளவு, கழிவுன்னு ஒதுக்கிக் கூலியில் வெட்டினது எவ்வளவு, இந்த நாலையும் மாசவாரியா வைங்க.

சுளகுமடி:
பாஸ்புத்தகமே இல்லாம, பக்கத்து வீட்டுக்காரி பேரில் பீடி கொடுக்கவ எத்தனை பேரு! அவ கணக்கு எதில் ஏறும்?

மருதநிழல்:
நியாயமான கேள்வி. அவங்களுக்கு வாக்குமூலம் தனியா எழுதி, ஏஜெண்டு இலை, தூள் எடை போட்டுக் கொடுத்த சீட்டு இருந்தா அதையும் சேர்க்கணும்.

பொதிகைச்சாரல்:
ஒண்ணு விட்டுட்டீங்க. இந்த மாதிரி உடன்படிக்கைக்கு அரசு வருஷாவருஷம் அறிக்கை கொடுக்காது. இடைப்பட்ட வருஷத்தில் அனுப்பினா, ரொம்ப அவசரம்னு காட்டலைன்னா அடுத்த சுற்று வரைக்கும் கிடப்பில் கிடக்கும். அந்தக் கருத்தைப் பரிசீலிக்கிற ஐ.எல்.ஓ. நிபுணர் குழு சொன்னாலும் அரசைக் கட்டுப்படுத்தாது. ஐ.நா. விண்ணப்பத்தையும் கூடவே போடணும்னுதான் இப்பவும் சொல்லுதேன்.

மருதநிழல்:
அறிக்கை வருஷத்தை ஐ.எல்.ஓ.வோட நார்ம்லெக்ஸ் தளத்தில் பார்த்துக்கலாம். விண்ணப்பமும் போடுங்க, தடுக்கலை. ஆனா இருக்கிற ஆளும் பணமும் முதல்ல பாஸ்புத்தக நகல் சேர்க்கப் போகணும்.