குடும்பக் குழு: மஞ்சள் பொட்டைச் சுத்தி ஏன் வெள்ளை?

ரமா அத்தை: [படம்] அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப், ‘ஈவினிங் ஸ்டார்’ 3ஆம் எண். வாட்டர்கலர். 1917ல டெக்சாஸ்ல கேன்யன்ங்கிற ஊர்ல வரைஞ்சது. இப்ப நியூயார்க் நவீன கலை மியூசியத்துல இருக்கு.

பெரியப்பா: நட்சத்திரம் எங்கம்மா? மஞ்சப் பொட்டு, சுத்தி வளையம். எல்.கே.ஜி பிள்ளை வேலை மாதிரி இருக்கே 😄

ரமா அத்தை: பொட்டுதான் மாலை வெள்ளி, அண்ணா.

சுதா அக்கா: பொட்டை ஒட்டி இருக்கிற வெள்ளையை ஜூம் பண்ணுங்க பெரியப்பா. அது பெயின்ட் இல்ல, வெறும் பேப்பர். தண்ணி ஈரம் இருக்கிற பக்கம்தான் ஓடும், காஞ்ச இடத்தைத் தாண்டாது. அந்த இடைவெளி இல்லேன்னா மஞ்சள் பக்கத்துக் கலருக்குள்ள கரைஞ்சு போயிருக்கும்.

பெரியப்பா: அப்ப வெளிய ஆரஞ்சும் சிவப்பும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஊறிக் கெடக்கே, அது தப்பா?

ரமா அத்தை: வேணும்னே விட்டது. அந்தி வானத்துல கலருக்கு ஏது வரப்பு? பொட்டுகிட்ட கறார், வானத்துல தாராளம். ஓரத்தைப் பாருங்க: கத்தரிச்ச மாதிரி இருந்தா காஞ்ச பேப்பர்ல வெச்சது, பஞ்சு பிரிஞ்ச மாதிரி இருந்தா ஈரத்துல வெச்சது.

கார்த்தி: வளையத்தை வெள்ளை பெயின்ட்ல போட்டா ஈஸிதானே?

ரமா அத்தை: சுண்ணாம்பு பூசின மாதிரி மேல உக்காந்துக்கும்டா. வாட்டர்கலர்ல வெளிச்சமே பேப்பர்ல இருந்துதான் வரணும்.

சுதா அக்கா: கார்த்தி, இதே மாதிரி போட்டுப் பாக்கணும்னா 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம், நல்ல கனமானது) பருத்தி பேப்பர் வாங்கு. மெலிசுத் தாள் குழிஞ்சிடும், கலர் குழியில தேங்கும். முதல்ல மஞ்சள். சுத்தி ஒரு அரிசி அகலம் விட்டு ஆரஞ்சு. அது மினுமினுன்னு இருக்கும்போதே சிவப்பைத் தொட்டு வை. மினுமினுப்பு போனப்புறம், முழுசா காயறதுக்கு முன்னாடி மட்டும் பிரஷ்ஷைக் கொண்டு போகாத. புதுத் தண்ணி பாதி காஞ்ச கலரை ஓரத்துக்குத் தள்ளி காலிஃபிளவர் மாதிரி திட்டு விழும்.

கார்த்தி: கீழ இருக்கிற நீலம்?

சுதா அக்கா: எல்லாம் காஞ்சப்புறம். புறங்கையை வெச்சுப் பாரு, சில்லுனு இருந்தா இன்னும் ஈரம். ஆரஞ்சும் நீலமும் ஈரத்துல கலந்தா சேறுதான்.

பெரியப்பா: போனைக் கை நீட்டித் தள்ளி வெச்சுப் பார்த்தேன். வெள்ளையால பொட்டு எரியற மாதிரிதான் இருக்கு.

ரமா அத்தை: அசலே சின்னதுதான் அண்ணா. அகலம் ஏறக்குறைய 30 செ.மீ.

கார்த்தி: அக்கா, அரிசின்னா பொன்னியா பாஸ்மதியா?

சுதா அக்கா: பொன்னி. குறுக்கால 🙂